ஏறி வரும் காருக்கு வழி

பண்டாரவளையில் ஓய்வுபெற்ற டொக்டர் ஒருவரின் வீட்டு முற்றத்தில் நின்றுகொண்டு, அப்பா விரல் முட்டியை மடக்கி அந்தக் காரின் கதவில் தட்டினார். பலாப்பழத்தைத் தட்டிப் பார்ப்பதைப் போலத் தலையைச் சாய்த்துக் காதைக் கொடுத்தார். பிறகு முன்னால் போய் பொனட்டில் தட்டினார், பின்னால் போய் டிக்கியில் தட்டினார். எஞ்சினைத் திறந்து பார்க்கவில்லை. எவ்வளவு தூரம் ஓடிய கார் என்று கேட்கவில்லை. பெற்றோல் எப்படிக் குடிக்கும் என்று நான் கேட்க வாயெடுத்தபோது கையமர்த்திவிட்டார். "நல்ல கனம்மா. தகரமில்ல, இரும்பு," என்றார். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளிடம் போய்ச் சேரும் அவசரத்தில் இருந்த டொக்டர், என்னை ஏற இறங்கப் பார்த்து, "இது இந்தப் பிள்ளை ஓட்டவா?" என்று கேட்டார். அப்பா ஆமாங்க என்றதும், மறுபடியும் அதையே கேட்டார். எனக்கும் அதே சந்தேகம்தான் இருந்தது.

நான் அப்போதுதான் பதுளையில் ஒரு பாடசாலையில் ஆசிரியையாகச் சேர்ந்திருந்தேன். நாங்கள் குடியிருக்கும் தேயிலைத் தோட்டம் ஹாலிஎலவுக்கு மேலே, மலை முடிகிற இடத்தில் இருக்கிறது. பஸ் சந்தியோடு நின்றுவிடும். அங்கிருந்து மேலே வர த்ரீவீலர் பிடிக்க வேண்டும், அல்லது நடக்க வேண்டும். த்ரீவீலர் என்ற சொல்லை எங்கள் வீட்டில் யாரும் சொல்வதில்லை. சித்தப்பா அதில்தான் போனார், திரும்பி வரவில்லை. அப்பா போய் அடையாளம் காட்டிவிட்டு வந்து, வாசலில் உட்கார்ந்து, "தகரத்த மடிச்ச மாதிரி மடிஞ்சு கெடக்கு," என்று மட்டும் சொன்னார். அன்றிலிருந்து உலகத்து வாகனங்களையெல்லாம் தகரம், இரும்பு என்று இரண்டாகப் பிரித்து வைத்திருந்தார். ஓய்வுபெற்றபோது கிடைத்த சேமலாப நிதியில் கார் வாங்கலாம் என்று பேச்சு வந்தது. ஊரில் எல்லோரும் வைத்திருக்கிற, ஒரு மூலையில் கூடத் திருப்பிவிடக்கூடிய சின்னக் கார் ஒன்றைத்தான் நான் கேட்டேன். அவர் அதைப் பார்க்கக்கூட வரவில்லை.

ஆகவே அந்தக் கரும்பச்சை நிற மகாராணி எங்கள் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தாள். ஒரு காலத்தில் மந்திரிமாரும் கம்பனி முதலாளிமாரும் பின்னால் சாய்ந்துகொண்டு போன ஜாதி. தோல் இருக்கை, மர வேலைப்பாடு, கதவைச் சாத்தினால் வெளிச்சத்தம் எதுவும் கேட்காது. தொழிலாளர் வரிசை வீடான எங்கள் லயத்து அறையைவிட நீளம். லயத்துக்குப் போகும் பாதையில் அது நுழையாததால், கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குப் பக்கத்தில் நிறுத்த அனுமதி வாங்கினோம். அப்பா தன் வேலைக் காலமெல்லாம் தேயிலைத் தொழிற்சாலையில் கழித்தவர். எனவே முதல் பூசை கோயிலில் நடக்கவில்லை. தொழிற்சாலையின் சக்கரங்களைக் காக்கிற ரோதை முனிக்கு முன்னால்தான் நடந்தது. அம்மா அன்று மலையில் கொழுந்தெடுக்கப் போகாமல் வந்து கும்பிட்டுவிட்டு, காரில் ஏற மறுத்துவிட்டாள். "இம்மாம் பெருச இந்தப் புள்ள எப்புடித் திருப்பும்?" என்றாள்.

நான் ஓட்டப் பழகியது ஒரு சின்னக் காரில், பதுளை மைதானத்துப் பக்கம். லைசன்ஸ் கையில் வந்ததும் ஓட்டத் தெரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இந்தக் காரில் உட்கார்ந்தபோது மூக்கு எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை, வால் அதைவிட மோசம். ஒவ்வொரு வளைவிலும் உள்ளங்கை வியர்த்து ஸ்டியரிங் வழுக்கும். அப்பா பக்கத்து இருக்கையில் வருவார். பின்னால் உட்கார அவருக்கு மனம் வரவில்லை, அது துரைமார் உட்காரும் இடமாம். மேலே உள்ள பிடியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, இல்லாத பிரேக்கை இரண்டு காலாலும் மிதித்துக்கொண்டு, "பாத்தும்மா, பாத்தும்மா" என்று சந்தி வரை சொல்வார். சந்தியில் இறங்கி வீட்டுக்கு நடந்து போவார். மாலையில் நான் வரும்போது சந்தியில் காத்திருந்து மறுபடி ஏறிக்கொள்வார். மழையானாலும் அதுதான் நடந்தது. அவர் வராமல் இருந்தால் நான் இன்னும் கொஞ்சம் நிதானமாக ஓட்டியிருப்பேன் என்பதை அவரிடம் எப்படிச் சொல்வது?

இன்னொரு தொல்லையும் இருந்தது. எங்கள் பாதை ஒரு வாகனம் போகிற அகலம்தான். ஒரு பக்கம் மலை, அதன் அடியில் தண்ணீர் ஓடும் கான். மறுபக்கம் பள்ளம். தோட்டத்தை நிர்வகிக்கிற துரையின் வாகனம் வந்தால், நடந்து போகிறவர்கள் கானுக்குள் இறங்கி, தலைச் சுமையோடு ஒதுங்கி நிற்பார்கள். யாரும் இப்போது அப்படி நிற்கச் சொல்வதில்லை. கால் தானாக இறங்கிவிடும். எங்கள் பெரிய காரைப் பார்த்ததும் அவர்கள் அதையே செய்தார்கள். எனக்குப் பாடம் சொல்லிக் கொடுத்த அக்காமார், என்னைத் தூக்கி வளர்த்தவர்கள், சேற்றுத் தண்ணீருக்குள் நிற்பதைப் பார்த்து எனக்கு உடம்பெல்லாம் கூசும். கண்ணாடியை இறக்கி, "நான்தான் அக்கா!" என்று கத்துவேன். "அட, நம்ம டீச்சரு! நாங்க தொரைன்னுல்ல நெனச்சோம்," என்று சிரித்துக்கொண்டு ஏறி வருவார்கள். அடுத்த நாளும் இறங்கி நிற்பார்கள்.

மலைப் பாதைக்கு ஒரு சட்டம் உண்டு. ஏறி வருகிற வாகனத்துக்கு இறங்கி வருகிற வாகனம் வழி விட வேண்டும். ஏற்றத்தில் நிறுத்தி எடுப்பது கஷ்டம், வளைவில் பின்னுக்குப் போவது அதைவிட ஆபத்து. பழகும்போதே இதைச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். ஒரு மாலை, பனிமூட்டம் இறங்கத் தொடங்கியிருந்த நேரம், கடைசி வளைவுக்கு முந்திய வளைவில் ஏறிக்கொண்டிருந்தேன். எதிரே மேலிருந்து துரையின் ஜீப் வந்தது. நான் நிறுத்தினேன். ஜீப்பும் நின்றது. அது பின்னுக்குப் போகட்டும் என்று நான் காத்திருந்தபோது, அப்பா இருக்கையின் நுனிக்கு வந்துவிட்டார். "தொரை ஜீப்பும்மா... பின்னுக்கு எடு. எடும்மா!" அவர் குரல் அப்படி நடுங்கி நான் கேட்டதில்லை. நமக்குத்தான் வழி என்று நான் சொன்னது அவர் காதில் விழவில்லை. "ஆத்தா நாளைக்கும் பேருக்குப் போகணுமில்ல, எடு!" என்று என் தோளைத் தட்டினார். அம்மா இன்னும் தோட்டத்தில் நாள் கூலிக்குப் பெயர் போடுகிறவள். துரையைக் காக்க வைத்தால் அவளுக்குக் கொழுந்தெடுக்க எந்தச் செங்குத்து மலையைக் கொடுப்பார்களோ என்ற பயம் அவருக்கு.

நான் பின்னுக்கு எடுத்தேன். அந்த நீண்ட வால் எந்தப் பக்கம் போகிறது என்று கண்ணாடியில் பார்த்தால், பனியைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. சக்கரத்தின் அடியில் சரளைக் கல் நெரிபட்டது. அடுத்த நொடி என் பக்கம் கீழே சாய்ந்தது. பின் சக்கரம் பள்ளத்தின் விளிம்பைத் தாண்டிவிட்டது. என் கதவுக்கு வெளியே நிலம் இல்லை. எந்தக் கனத்தைத் தட்டிப் பார்த்து அப்பா வாங்கினாரோ, அந்தக் கனம் எங்களைக் கீழே இழுத்துக்கொண்டிருந்தது. அடிப்பாகம் ஏதோ ஒரு பாறையில் மாட்டியிராவிட்டால் இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன். "அசையாதம்மா" என்று சொல்லிக்கொண்டே அப்பா தன் கதவைத் திறந்து, கானுக்குள் காலூன்றி, என் கையைப் பிடித்து, என்னைத் தன் இருக்கை வழியாக இழுத்தெடுத்தார். அந்தப் பிடி போட்ட தடம் என் மணிக்கட்டில் நெடுநேரம் கன்றியிருந்தது.

ஜீப்பிலிருந்து துரை ஓடி வந்தார். இளவயதுக்காரர், சிங்களவர், தமிழை உடைத்து உடைத்துப் பேசுவார். ஆட்களைக் கூப்பிட்டு, கயிறு கட்டி, ஜீப்பால் இழுத்து, சேற்றில் தானும் நின்று காரை மேலே எடுத்தது அவர்தான். எல்லாம் முடிந்த பிறகு என்னிடம், "டீச்சர், ஏன் ரிவர்ஸ் எடுத்தது? ஏறி வாற ஆளுக்குத்தானே வழி? நான் பின்னுக்குப் போகத்தான் பார்த்தேன்," என்றார். நான் பதில் சொல்லும் முன் அப்பா முந்திக்கொண்டார். தலையைக் குனிந்து, "மன்னிச்சுக்கங்க தொரை. சின்னப் புள்ள, தெரியாம எடுத்துருச்சு," என்றார்.

சாவைத் தொட்டுவிட்டு வந்த நடுக்கத்தைவிட அந்தச் சொல்தான் என்னை அதிகமாகச் சுட்டது. அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டேன். காரையும் தொடவில்லை. பஸ்ஸில் போய், சந்தியிலிருந்து நடந்து வந்தேன். டவுனில் அறை எடுத்துத் தங்கிவிடுகிறேன் என்று அம்மாவிடம் சொன்னேன். அவள், "எங்கயாச்சும் உசுரோட இருந்தாச் சரி," என்று அழுதாள். இனி வாழ்க்கையில் ஸ்டியரிங்கைத் தொட மாட்டேன் என்றே நினைத்தேன். அப்பா சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போவார். ஒரு காலை நான் பஸ்ஸுக்கு நடக்கும்போது மடுவத்தைத் தாண்டினேன். அவர் காருக்குள், தன் இடத்தில், குளித்துச் சட்டை போட்டு உட்கார்ந்திருந்தார். சாவி அதன் இடத்தில் மாட்டியிருந்தது. என்னைப் பார்க்காமல் முன்னால் பார்த்தபடி, "ஏறு, நேரமாகுது," என்றார். எனக்குக் கோபம் தீரவில்லை. ஆனாலும் ஏறினேன்.

அப்பா போய் இப்போது சில வருடங்கள் ஆகின்றன. அம்மா தோட்ட வேலையிலிருந்து பெயர் வெட்டிக்கொண்டு வீட்டில் இருக்கிறாள், நான் கூப்பிட்டால் காரிலும் ஏறுகிறாள். பெற்றோலுக்கு நாடே வரிசையில் நின்ற காலத்தில் மகாராணியை விற்றுவிட்டு, நான் முதலில் கேட்ட மாதிரிச் சின்னக் கார் ஒன்றை வாங்கினேன். பாதையின் சில வளைவுகளை அகலமாக்கியிருக்கிறார்கள். இன்னும் ஏறும்போது எனக்கு உள்ளங்கை வியர்க்கத்தான் செய்கிறது. பயத்தை விட்டுவிட்டேன் என்று சொன்னால் பொய். ஆனால் எந்த வாகனத்துக்காகவும் ஏற்றத்தில் பின்னுக்கு எடுத்ததில்லை. அதற்குக் காரணம், நான் திரும்பவும் ஓட்டத் தொடங்கிய சில நாட்களில் நடந்த ஒன்று.

அதே வளைவு. மேலிருந்து அதே ஜீப் வந்தது. நான் நிறுத்தினேன். அப்பா சொல்வதற்கு முன்பே கை தானாகப் பின் கியருக்குப் போனது. அவர் தன் கையை என் கைமேல் வைத்து அழுத்தினார். "நில்லு. நகராத," என்றார். பிறகு கதவைத் திறந்தார். செருப்புக் காலோடு கானுக்குள் இறங்கி, வேட்டியை நனையவிட்டு, மலையோடு முதுகை ஒட்டிக் கைகட்டி நின்றார். நடுப்பாதையில் காரும் நானும் மட்டும் இருந்தோம். ஜீப் ஒரு கணம் தயங்கியது. பிறகு மெல்லப் பின்னுக்கு ஏறி, அகலமான இடத்தில் ஒதுங்கி நின்றது. நான் வளைவைக் கடந்து, துரைக்குக் கையை உயர்த்தி நன்றி காட்டிவிட்டு, மேட்டில் நிறுத்திக் காத்திருந்தேன்.

அப்பா மூச்சு வாங்க ஏறி வந்தார். கால் சேற்றைப் புல்லில் துடைத்துவிட்டுத்தான் உள்ளே உட்கார்ந்தார். "நீங்க எதுக்குப்பா எறங்கினீங்க?" என்று கேட்டேன்.

"குடுக்க வேண்டிய மரியாதைய நான் குடுத்துட்டேன்ல," என்றார். "நீ பின்னுக்குப் போக வேணாம். எடும்மா காரை."