ஆறாம் விரலுக்கு ஒரு டெஸ்ட்

ஒரகடத்தில் கார் உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் குவாலிட்டி பார்க்கும் ஜான்சன், ஷிஃப்ட் முடிந்து யூனிஃபார்மோடு எங்கள் லேப்புக்கு வந்தார். கையில் பூனைக்கூடை. இருங்காட்டுக்கோட்டையில் செல்லப் பிராணிகளுக்கு மரபணு டெஸ்ட் செய்வது எங்கள் வேலை. அவர் வளர்க்கும் மெய்ன் கூன் ஜாதிப் பெண்பூனைக்கு முன்னங்கால்களில் ஆறாறு விரல். அதன் குட்டிக்கும் அந்த மரபணு இருக்கிறது, பாசிட்டிவ், என்று எங்கள் ரிப்போர்ட் போயிருந்தது.

கூடுதல் விரல் இல்லாத வம்சம் வேண்டும் என்பது அவர் ஆசை. அதனால் குட்டிக்குக் கருத்தடை செய்து யாருக்காவது கொடுத்துவிட முடிவு செய்திருந்தார். சனிக்கிழமை ஆபரேஷன். அதற்கு முன் ரிப்போர்ட் சரிதானா என்று ஒரு தரம் கேட்டுவிட்டுப் போக வந்திருந்தார்.

கூடையிலிருந்த குட்டியின் பாதங்களை அமுக்கிப் பார்த்தேன். முன்னங்காலில் ஐந்து, பின்னங்காலில் நான்கு. சரியாகத்தான் இருந்தது. மரபணு இருந்தும் விரல் முளைக்காத பூனைகள் உண்டு, அதனால் ரிப்போர்ட் தப்பு என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் எனக்கு மண்டை குடைந்தது. இப்படி ஒன்று மாட்டினால் எனக்குச் சோறு இறங்காது. வீட்டில் சாம்பிளை எப்படி எடுத்தீர்கள் என்று துருவினேன்.

"கம்பெனில லைன நிறுத்தி சாம்பிள் எடுத்தா சும்மா வுடுவாங்களா மேடம்? ஓடிகினு இருக்கும்போதே எடுக்கணும். இது பால் குடிச்சிகினு இருந்துச்சி. டிஸ்டர்ப் பண்ணாம அப்டியே பஞ்சுக் குச்சிய வாயில வுட்டு எடுத்துட்டேன்."

சொல்லும்போது கொஞ்சம் பெருமை வேறு. எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே ஒரு சந்தேகமும். மூன்று மாதமாகியும் பால் மறக்காத குட்டி. பால் குடிக்கும் வாயில் தாயின் செல்களும் ஒட்டியிருக்கும். நாங்கள் டெஸ்ட் செய்தது குட்டியையா, தாயையா?

ஆபரேஷனைத் தள்ளிப் போடச் சொன்னேன். குட்டியைத் தனியாக வைத்திருந்து, வாயைத் துடைத்து, நானே மறுபடி சாம்பிள் எடுத்தேன்.

ரிசல்ட் அன்று ஜான்சன் குட்டியோடுதான் வந்தார். மறுபடி பாசிட்டிவ் என்றால் அப்படியே ஆஸ்பத்திரிக்குப் போவதாக ஏற்பாடு. நெகட்டிவ் என்றேன். துள்ளிக் குதிப்பார் என்று நினைத்தேன். அவர் கூடையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ரிப்போர்ட் வந்ததுல இருந்து இத்த நான் தூக்கவே இல்ல மேடம். குடுக்கப் போறோமே, இன்னாத்துக்கு ஒட்டணும்னு. காலாண்ட வந்து கத்தும். தள்ளி வுட்டுடுவேன்."

கை நீட்டினார். குட்டி கூடைக்குள் பின்வாங்கியது.

ரிப்போர்ட்டைத் திருத்த எங்களுக்கு ஒரு நிமிஷம் போதும். அந்தக் குட்டி அவர் மடியில் மறுபடி ஏற எவ்வளவு நாள் ஆனதோ தெரியாது. லேப்பில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: பாசிட்டிவ் என்று அனுப்பும் முன் ஒரு போன் போட்டு, சாம்பிள் எடுத்தபோது குட்டி என்ன செய்துகொண்டிருந்தது என்று கேளுங்கள்.