கழுவாமல் தொடக்கூடாது

செம்பனைத் தோட்டத்தில் புல்லுக்கு அடிக்கிற மருந்துக்கு ஒரு வாடை உண்டு. கெட்டுப்போன கருவாட்டில் மண்ணெண்ணெய் ஊற்றியதுபோல இருக்கும். மூக்கில் ஏறிவிட்டால் அன்றைக்குச் சோற்றிலும் அதுதான் மணக்கும். பாலோ ஊருக்குப் பக்கத்துத் தோட்டத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீடுகளான லயத்தில் நான் வளர்ந்த வருடங்களில், மத்தியானம் இரண்டு மணிக்கு அந்த வாடை வந்தால் அம்மா வேலை முடிந்து வந்துவிட்டாள் என்று அர்த்தம். மற்ற வீட்டுப் பிள்ளைகள் அம்மாவைக் கண்டதும் ஓடிப்போய்க் காலைக் கட்டிக்கொள்வார்கள். நாங்கள் ஓடக்கூடாது. "கழுவாம தொடக்கூடாது" என்பது எங்கள் வீட்டுச் சட்டம்.

அந்தச் சொல்லின்மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் இருக்கிறது. தமிழில் ஒவ்வொரு சுத்தத்துக்கும் ஒரு சொல் வைத்திருக்கிறோம். துணியைத் துவைக்கிறோம், அரிசியைக் களைகிறோம், பல்லைத் துலக்குகிறோம், வாயைக் கொப்பளிக்கிறோம், தரையைத் துடைக்கிறோம். மனிதர்கள் குளிக்கிறார்கள். பிணத்தைக்கூடக் குளிப்பாட்டுவது என்றுதான் சொல்கிறோம். ஆளைக் கழுவுவது கை கால் முகத்தோடு சரி; முழுசாகக் கழுவுவதெல்லாம் சட்டி பானையையும் மீனையும் மாட்டுக்கொட்டகையையும். ஆனால் மருந்தடிக்கும் பெண்களைப் பற்றிப் பேசும்போது எங்கள் தோட்டத்தில் யாரும் குளிப்பது என்று சொன்னதே இல்லை. வேலையை மேய்க்கும் மண்டோர், காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்தும் "பெரட்டில்" பேர் கூப்பிட்டு முடித்ததும், எல்லாரும் நல்லா கழுவிட்டுத்தான் வீட்டுக்குள்ள போகணும் என்று தினமும் சொல்வார். முதுகில் சுமக்கும் மருந்து பம்பைக் கழுவணும், காலில் போடும் சப்பாத்தைக் கழுவணும், ஆளையும் கழுவணும். மூன்றும் அவருக்கு ஒன்றுதான். கையுறை கேட்டால் வரும் வரும் என்பார். நான் பார்த்து வந்ததில்லை.

கழுவு என்றார்களே, தண்ணீர் கொடுத்தார்களா? லயத்துக் குழாயில் சாயங்காலம் ஐந்து மணிக்கு வரும், ஆறு மணிக்கு நின்றுவிடும். அம்மா வருவது இரண்டு மணிக்கு. ஆகவே நாளைக்கு அம்மா கழுவ வேண்டிய தண்ணீரை இன்றைக்கே பிடித்து, வீட்டுக்குப் பின்னால் இருந்த நீல டிரம்மை நிரப்பி வைக்க வேண்டும். அப்பா லாரி ஓட்டப் போனால் வாரக் கணக்கில் வரமாட்டார். தம்பிக்கு இரண்டு வயது. எனக்கு ஒன்பது. குழாய் வரும் நேரத்தில் அம்மா அடுப்படியில் இருப்பாள், ஆகவே டிரம் என் பொறுப்பு.

ஒரு நாள் பக்கத்து லயத்தில் டிவி வாங்கினார்கள். பிள்ளைகளெல்லாம் சன்னலில் தொங்கிக்கொண்டு படம் பார்த்தோம். "பம்புக்காரி மவளே, நீ கழுவிட்டு வந்தியா?" என்று ஒருத்தி என்னைக் கிண்டல் பண்ணினாள். அவளோடு சண்டை போட்டு, தலைமயிரைப் பிடித்து இழுத்து, மறுபடியும் படம் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தால் குழாய் நின்றுவிட்டது. அம்மா கேட்டபோது நிரப்பிட்டேன் என்று பொய் சொன்னேன்.

மறுநாள் இரண்டு மணிக்கு அம்மா டிரம் மூடியைத் திறந்தாள். அடியில் நாலு விரல் தண்ணீர் கிடந்தது. அதில் முகத்தையும் கையையும் நனைத்துத் துடைத்துக்கொண்டாள். அக்கம்பக்கத்து வீடுகளில் கேட்டாள். ஆளுக்கு ஒரு செம்புக்குமேல் கொடுக்க யாரிடமும் இல்லை. பிறகு வந்து வாசலுக்கு எதிரில் இருந்த கால்வாய்க் கட்டின்மேல் உட்கார்ந்தாள். மருந்தில் நனைந்த சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. உள்ளே தம்பி அவளைப் பார்த்துவிட்டுக் கையை நீட்டி அழுதான். நான் அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு ஆட்டினேன், சீனி கொடுத்தேன், அடங்கவில்லை.

"கதவச் சாத்து" என்றாள் அம்மா.

சாத்தினேன். மூன்று மணி நேரம் கதவுக்கு உள்ளே அவன் அழுதான். வெளியே அவள் உட்கார்ந்திருந்தாள். ஐந்து மணிக்குக் குழாய் வந்ததும் எழுந்து போனாள். என்னை அடிக்கவில்லை, ஒரு வார்த்தை திட்டவில்லை. அடித்திருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும்.

அதற்குப் பிறகுதான், அல்லது எனக்கு அப்படித் தோன்றியதோ என்னவோ, அம்மாவின் நகங்கள் கறுத்து உரிய ஆரம்பித்தன. மூக்கில் ரத்தம் வந்தது. தோட்டத்து ஆஸ்பத்திரியில் டாக்டருக்குப் பதிலாக வைத்தியம் பார்த்த டிரசர் அவள் கையைத் தொடாமலேயே பார்த்துவிட்டு, "ஒழுங்கா கழுவியிருந்தா இது வருமா?" என்று கேட்டார். நான் பக்கத்தில் நின்றேன். அம்மா கையை இழுத்துக்கொண்டாள். என் பக்கம் திரும்பக்கூட இல்லை. காட்டிக்கொடுக்கக் கூடாது என்றுதான் திரும்பவில்லை என்று எனக்கு அப்போதே தெரியும்.

பிறகு இருமல். எனக்குப் பன்னிரண்டு வயதில் அம்மா செத்துப்போனாள். எழவு வீட்டில் மண்டோரின் மனைவி, சுத்தம் பத்தாதுலா அவளுக்கு, சொன்னா கேட்டாத்தானே என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள். அன்றைக்கு நான் எழுந்து, டிரம்மை நிரப்பாதது நான்தான் என்று கத்தியிருக்க வேண்டும். வாயைத் திறக்கவில்லை. முப்பத்தைந்து வருடமாகத் திறக்கவில்லை. அம்மாவைக் கொன்றவள் என்ற நினைப்போடு கல்யாணம் செய்தேன், பிள்ளை பெற்றேன், சேனாய் பக்கம் தொழிற்சாலையில் சிஃப்ட்டுக்குப் போய் வந்தேன்.

போன வருடம் கூலாயில் ஒரு கல்யாண மண்டபத்தில் மாரி அத்தையைப் பார்த்தேன். அம்மாவோடு ஒரே வரிசையில் மருந்தடித்தவர். என்னைக் கண்டதும் கன்னத்தைப் பிடித்து, ஒங்கம்மா மூஞ்சிய அப்படியே திருடி வச்சிருக்கடி என்றார். பிரியாணித் தட்டு எதிரில் இருக்க, என்ன நினைத்தேனோ, டிரம் கதையை முழுக்கச் சொல்லிவிட்டேன்.

அத்தை கையை இலேசாக மேசைமேல் வைத்தார். நான்கு விரல்களில் நகம் இல்லை.

"நாங்க இருந்தது தோட்டத்துக்கு வெளிய, தூரத்துல. எங்க வீட்டுக்குப் பின்னாலதான் ஆறு. தண்ணிக்குப் பஞ்சமே இல்ல. தெனம் ரெண்டு தடவ சோப்பு போட்டு ஒரசினேன். பாரு" என்றார். "ஒடம்புக்குள்ள போனது தண்ணியில போற சனியன் இல்லடி. மேல ஒட்டுனதுதான் போவும். நீ சொல்ற அந்த வருசமே எங்களுக்குத் தெரிஞ்சிபோச்சி. ஒங்கம்மாவுக்கும் தெரியும்."

"தெரிஞ்சும் ஏன் அத்த தெனம் கழுவுனாங்க? அன்னைக்கு ஏன் உள்ள வரல?"

அத்தை என்னை முட்டாளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"ஒங்களத் தூக்க வேணாமா?"

அவ்வளவுதான் சொன்னார். பிறகு என் தட்டைப் பார்த்து, ஆறிப்போச்சி, சாப்பிடு என்றார். என்னால் முடியவில்லை.

போன மாதம் பாலோவுக்குப் போனேன். லயங்களை இடித்துவிட்டார்கள். குழாய் இருந்த இடத்திலும் செம்பனை நட்டிருக்கிறார்கள். மருந்தடிப்பவர்கள் இப்போது வேற்று நாட்டு ஆட்கள். அவர்களிடம் என்ன மொழியில் என்ன சொல்கிறார்களோ தெரியாது. டிரசர் எப்போதோ போய்விட்டார். மண்டோரும் அவர் மனைவியும் இல்லை. ஆஸ்பத்திரிக் கட்டடத்தின் சிமெண்டுப் படிகள் மூன்று மட்டும் புல்லுக்குள் கிடந்தன. ஒன்றின்மேல் நின்று பார்த்தேன். திட்டுவதற்குக்கூட ஓர் ஆள் மிச்சமில்லை.