அடுப்புதான் முதலில்

என் தங்கை செல்வியும் அவள் கணவர் மாரியும் யாங்கூனின் லைங் தாயா பகுதியில் தையல் ஆலை வேலையை விட்டு, வாடகை அறையையும் காலி செய்துவிட்டு, ஒரு பழைய மினி லாரியில் குடியேறினார்கள். மழையில்லாத மாதங்களில் கடற்கரை முகாம்களில் கூடாரம் அடித்து, சுற்றுலா வருபவர்களுக்குச் சமைத்துப் போடுவார்கள். மழை தொடங்கி முகாம் மூடியதும் யாங்கூனுக்கு வந்துவிடுவார்கள்.

போன மழைக்கு யாங்கூன் ஆற்றை ஒட்டிய அலோனில் என் வீட்டு வாசலில் லாரியை நிறுத்தினார்கள். "வீடு வாசல் இல்லாம இது என்ன பொழப்பு? மழை முடியறவரைக்கும் எங்ககூட இருங்க" என்றேன். செல்வி சிரித்துவிட்டு லாரியிலேயே படுத்துக்கொண்டாள்.

மறுநாள் மதியம் பேய்மழை. ஆற்றிலும் நீர் ஏறியிருந்ததால் சாக்கடைத் தண்ணீர் எதிர்த்து வீட்டுக்குள் புகுந்தது. நான் டிவியைத் தூக்க ஓடினேன்.

"அத விடுண்ணே! முதல்ல அடுப்பும் அரிசியும். நனைஞ்சவங்களுக்குச் சூடா ஏதாச்சும் வேணும்ல!" என்று செல்வி கத்தினாள்.

மாரி தார்ப்பாயின் முனையை வீசினார். அவள் திரும்பிப் பார்க்காமலே பிடித்தாள். அதன் பிறகு இருவர் கைகளும் நிற்கவில்லை. கயிறு இறுகியது, மெத்தைகள் சுருண்டன, என் மனைவியும் கைக்குழந்தையும் நனையாமல் லாரிக்குள் இருந்தார்கள். கடற்கரைக் காற்றில் எத்தனை கூடாரங்களை இப்படிக் காப்பாற்றியிருப்பார்களோ! முழங்கால் தண்ணீரில் நான் வாய் பிளந்து நின்றேன்.

கடைசியாக நானும் ஏறினேன். தார்ப்பாய்க்கு அடியில் டீ கொதித்துக்கொண்டிருந்தது. மாரி ஒரு குவளையை நீட்டி, "மழை முடியறவரைக்கும் எங்ககூட இருங்க மச்சான்" என்றார்.

குத்திக்காட்டவில்லை. எங்களுக்கென்று பாய் ஏற்கெனவே விரித்திருந்தது.