அம்பு ஒட்டாமல் ரிஜெக்ட் இல்லை

பிரேக்கை மிதித்தால் "கடக்". சின்னக் குழியில் இறங்கினால் "கடக் கடக்". பெரிய வேகத்தடையில் ஏறி இறங்கினால் மட்டும் தூங்கும் பச்சைப்பிள்ளை மாதிரி வாயைத் திறக்காது. பிரிசில்லாவின் பதினெட்டு வருஷத்து வேனுக்கு ஒரு மாதமாக இந்தப் பழக்கம்.

காலையில் ஸ்டியரிங்கைத் தொட்டுச் சிலுவை போட்டு, திருமுருகன்பூண்டியிலிருந்து எட்டுப் பெண்களை ஏற்றிக்கொண்டு திருப்பூர் பனியன் கம்பெனியில் இறக்குவதுதான் அவள் பிழைப்பு. வேன் வாங்கும்முன் அதே கம்பெனியில் பதினேழு வருஷம் செக்கிங் மேஜையில் நின்றவள். படிப்பு அஞ்சாவது. ஆனால் ஆயிரம் பீஸில் ஒரு தையல் விட்டிருந்தாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது.

வெள்ளிக்கிழமை கம்பெனி கேட்டில் மேனேஜர் மகுடேஸ்வரன் மறித்தார். "அக்கா, வண்டி வர்றது தெருமுனையிலயே கேக்குது. ஆளுங்க பயப்படறாங்க. திங்கக்கிழமையும் சத்தம் வந்தா வேற வண்டி வெச்சுக்கறனுங்க."

"பயந்தது யாருங்க?" என்று மெதுவாகக் கேட்டாள். அவர் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார்.

மெக்கானிக் தங்கதுரை போன வாரம்தான் முன்பக்கம் இரண்டு ஷாக் அப்சார்பரையும் புதிதாக மாற்றியிருந்தான். சத்தம் அப்படியே இருந்தது. சாயங்காலம் மறுபடி போய் நின்றாள். காலி வண்டியை ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து சாவியைக் கையில் கொடுத்தான்.

"யக்கா, எனக்கு ஒண்ணும் கேக்கல. வண்டிக்கு வயசாயிட்டு, அப்படித்தான் முனங்கும். இரும்புக்குப் போட்டுட்டு வேற வாங்குங்க."

"எனக்கும் நாப்பத்தாறு ஆச்சு தம்பி. முட்டி கடக்குங்குது. என்னையும் போட்டுரலாமா?"

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. "செக்கிங்ல ஒரு சட்டம் உண்டு. டேமேஜ் எங்கன்னு அம்பு ஸ்டிக்கர் ஒட்டாம எந்தப் பீஸையும் ரிஜெக்ட் பண்ணக் கூடாது. நீங்க அம்பு ஒட்டுங்க, நான் இரும்புக்குப் போடறேன்."

"வண்டியும் பனியனும் ஒண்ணாக்கா?"

"பார்க்கலாங்க."

சனிக்கிழமை காலை வேனில் ஏறிய ஒவ்வொருத்தி கையிலும் ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் கொடுத்தாள். துணியில் குறை இருக்கும் இடத்தில் ஒட்டுவார்களே, அதுதான்.

"பிரேக் அடிக்கறப்போ காதைக் குடுத்துக் கேளுங்க கண்ணுகளா. எங்கிருந்து வருதோ அங்க ஒட்டோணும். பக்கத்துல இருக்கறவளைப் பார்த்து ஒட்டப்படாது."

எட்டுப் பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். ரோடு நெடுக பிரேக், கடக், பிரேக், கடக். கம்பெனி வாசலில் எண்ணிப் பார்த்தால், ஏழு அம்பு இடது முன் சீட்டின் காலடிப் பக்கமே காட்டிக்கொண்டிருந்தது. எட்டாவது அம்பு பிரிசில்லாவின் தோளில் இருந்தது.

"என்ன வெள்ளையம்மா இது?"

"சத்தம் இங்கெருந்துதான் வருதுக்கா. ஒரு வாரமா வண்டியைவிட நீங்கதான் பொலம்புறீக!"

வேன் குலுங்கச் சிரித்தார்கள்.

மத்தியானம் தங்கதுரையின் ஷெட்டில் கோணியை விரித்து அவளே வண்டிக்கு அடியில் புகுந்தாள். "யக்கா, சேலை..." என்று தங்கதுரை பதறினான். குறுக்கே போகும் கம்பியை இடது பக்கம் ஒரு கிளாம்பு பிடித்திருந்தது. அதற்குள் இருக்கிற ரப்பர் புஷ் தேய்ந்து, ஒரு விரல் நுழையும் சந்து விட்டிருந்தது. கையோடு கொண்டுவந்த பனியன் கட்டிங் வேஸ்ட்டை அந்தச் சந்தில் இறுக்கித் திணித்தாள்.

"ஏறுங்க தம்பி. இங்க நிக்கறவங்களையும் ஏத்திக்குங்க. எட்டுப் பேர் பாரம் இருந்தாத்தான் அது பேசும். நீங்க காலி வண்டியில கேட்டீங்க."

ஆட்களை ஏற்றிக்கொண்டு தெருமுனை வரை போனான். பிரேக் அடித்தான். சத்தம் இல்லை. திரும்பி வந்து துணியை உருவிவிட்டு மறுபடி போனான். கடக்.

தங்கதுரை தலையைச் சொறிந்தான். "ஷாக்குதான்னு நெனச்சுட்டேன்க்கா."

"ஆண்டவர் ரெண்டு காது குடுத்திருக்கார்ங்க" என்று மட்டும் சொன்னாள். அன்று மாலைக்குள் இரண்டு பக்கமும் புது புஷ் மாட்டினான். அவள் பக்கத்திலேயே நின்று ஒவ்வொரு போல்ட்டையும் இழுத்துப் பார்த்தாள்.

திங்கட்கிழமை கேட்டில் மகுடேஸ்வரன் டிபன் கேரியரும் கையுமாகக் காத்திருந்தார். பக்கத்தில் வேறொரு வேன் தயாராக நின்றது. அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு பிரிசில்லா முன் கதவைத் திறந்தாள்.

"ஏறுங்க சார். வெளிய நின்னு கேட்டா பத்தாது."

"எனக்கு வேலை இருக்குதுங்க."

"எனக்கும் இந்த வேலைதானுங்க இருக்குது."

எட்டுப் பெண்களும் இறங்காமல் அவரையே பார்த்தார்கள். அவர் ஏறி உட்கார்ந்து கேரியரை மடியில் வைத்துக்கொண்டார். குழி விழுந்த சாயப்பட்டறை ரோடாகப் பார்த்து ஓட்டினாள். குழிக்குக் குழி பிரேக்கை மிதித்தாள். வேன் வாயே திறக்கவில்லை. கடைசிக் குழியில் "டணங்" என்றது.

"பாத்தீங்களா!" என்றார் மகுடேஸ்வரன்.

பிரிசில்லா ஓரம் கட்டினாள். ஒரு சிவப்பு அம்பை உரித்து அவர் விரல் நுனியில் ஒட்டினாள்.

"சத்தம் எங்கன்னு காட்டுங்க சார்."

அவர் குனிந்து பார்த்தார், சீட்டைப் பார்த்தார், மடியைப் பார்த்தார். கேரியர் பிடியில் செருகியிருந்த ஸ்பூன் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.

கம்பெனிக்குத் திரும்பியதும் அந்த வேறு வேனைப் போகச் சொன்னார். பிரிசில்லா சிலுவை போட்டுக்கொண்டு வண்டியைத் திருப்பினாள். அம்பு அவர் கேரியர் மூடியில் ஒட்டியிருந்தது.