அப்பாவுக்கு வாங்காத சிகரெட்

ஷார்ஜாவில் நான் வேலை செய்யும் கட்டடத்தின் கீழ்த்தளத்தில், புகைப்பவர்களுக்கென்று ஒரு கண்ணாடி அறை இருக்கிறது. மீன்தொட்டிக்குள் நிற்பதுபோல நாலைந்து பேர் எப்போதும் உள்ளே நிற்பார்கள். ஊரிலிருந்து திரும்பிய பதினோராம் நாள், வியாழக்கிழமை, நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றதைக் கவனித்த நேபாளக் காவலாளி கதவைத் திறந்துபிடித்தார். "நோ, மை ஃபாதர்" என்றேன். அவர் உள்ளே எட்டிப் பார்த்து, அந்த நாலைந்து பேரில் என் அப்பா யார் என்று தேடினார்.

அப்பா திண்டிவனத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பயிரிடுகிறார். ஊருக்குப் போகிறவன் விமான நிலையத்தில் ஒரு கார்ட்டன் சிகரெட் வாங்குவது இங்கே நாங்கள் சேர்ந்து தங்கியிருக்கும் அறையில் எழுதாத சட்டம். முதல் விடுமுறையில் நானும் வாங்கினேன். அப்பா குடிக்கும் பீடியைவிட ஃபில்டர் சிகரெட் நெஞ்சுக்கு நல்லது என்று மனதார நம்பினேன். "எம்புள்ள கொணாந்தது, ஒண்ணு இழுத்துப் பாரு மாமா" என்று மோட்டார் கொட்டகைக்கு வந்தவர்களுக்கெல்லாம் அப்பா நீட்டினார். 'அப்பா இன்று மூன்று முறை சிரித்தார்' என்கிறது என் டைரி. ஏழு விடுமுறைகள், ஏழு கார்ட்டன்கள். ஒவ்வொன்றும் தீர்ந்ததும் மறுபடி பீடி, முன்பைவிட அதிகமாக. அம்மா தன் பாயை வேறு அறைக்கு மாற்றிய நாளையும் குறித்திருக்கிறேன். காரணத்தை எழுதவில்லை.

விழுப்புரத்தில் வாழ்க்கைப்பட்ட என் தங்கையின் மகனுக்கு வீசிங். "அந்த வூட்ல கால வச்சாலே புள்ளைக்கு இழுக்குதுண்ணா. அப்பா பீடிய வுடட்டும், வர்றேன்" என்று அவள் சொல்லி ஒன்றரை வருடமாகிறது. அதற்குப் பிறகு அப்பா பேரனைத் தூக்கவே இல்லை.

இந்த ஆடியில் முதல்முறையாகச் சிகரெட் இல்லாமல் போனேன். அப்பா பெட்டியை இரண்டு தடவை கிளறினார்.

"எங்கடா?"

"வாங்கலப்பா."

"தொரை பெரிய டாக்டராயிட்டாரு" என்றார் அம்மாவிடம்.

"ஆவட்டுமே. வூட்டுக்கு ஒருத்தராவது வேணுமில்ல" என்றாள் அம்மா.

நான்கு நாள் அவர் என்னிடம் பேசவில்லை. ஐந்தாம் நாள் காலை குளித்துவிட்டு வந்து, "ரெண்டு நாளா தொடல. அவள வரச் சொல்லு" என்றார்.

நான் கிளம்பும் நாளன்று தங்கை வந்தாள். ஆட்டோவைவிட்டு இறங்காமல் பிள்ளையை என்னிடம் கொடுத்தாள். அப்பா கைநீட்டியபடி கிட்டே வந்தார்.

"அண்ணா, சட்டையில இன்னும் வாடை அடிக்குது."

"தொவச்சதுதாம்மா போட்டுக்கினு வந்தேன்" என்றவர், நீட்டிய கைகளைத் தானே இழுத்துக்கொண்டார். பிறகு என் தோளைப் பிடித்துக்கொண்டு, பேரனின் முகத்தையே வெகுநேரம் பார்த்தார்.

அப்போது நான் போட்டிருந்த சட்டையோடுதான் அன்று மாலை விமானம் ஏறினேன். ஒரு தோளில் பிள்ளையின் பவுடர் வாசம், மறு தோளில் பீடி வாடை. இங்கே அறைநண்பர்கள் துணிகளை மெஷினில் போடும்போதெல்லாம், அதை மட்டும் எடுத்துத் தனியே வைத்துவிடுகிறேன்.