அம்மாவைப் பார்க்க வந்த சபை

அம்மாவுக்கு வலது கையும் காலும் விழுந்துபோனபோது நான் திருவொற்றியூரில் ஒரு மருந்து கம்பெனியில் பாட்டில்களுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தேன். அப்பா எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார். கல்மண்டபத்துக்குப் பின்னால் ஒரே முற்றத்தைச் சுற்றியிருந்த ஒண்டுக்குடித்தனங்களில் ஒன்று எங்களுடையது. கக்கூஸ் முற்றத்தின் அந்தக் கோடியில். யாராவது கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டால்தான் அம்மாவால் அதுவரை போக முடியும். நான் வேலையை விட்டால் அடுப்பு எரியாது. வேலைக்குப் போனால் அம்மாவைப் பிடிக்க ஆள் கிடையாது.

எங்கள் மாதா கோயிலில் ஓர் உதவி சபை இருந்தது. துறைமுகத்தில் வேலை பார்த்த சிலர், ரயில்வேக்காரர் ஒருவர், பள்ளிக்கூட டீச்சரம்மா ஒருவர். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பின்கட்டில் உட்கார்ந்து, யார் வீட்டில் யார் படுத்திருக்கிறார்கள், யாருக்கு என்ன செய்யலாம் என்று பேசி முடிவெடுப்பார்கள். இன்றைக்கு இதற்கெல்லாம் பெரிய பெரிய பெயர்கள் வைத்திருக்கிறார்கள். அன்றைக்கு, சபையில் சொல்லி வைத்திருக்கிறோம் என்போம், அவ்வளவுதான். எங்கள் வீட்டுக்கும் வந்தார்கள். சமைப்பது யார், குளிப்பாட்டுவது யார், அம்மா எதுவரை நடப்பார் என்று விசாரித்தார்கள். பக்கத்துச் சந்து அக்கா ஒருவர் காலையிலும் மத்தியானமும் வந்து பார்த்துக்கொள்வது, கூலியைச் சபை கொடுப்பது என்று ஏற்பாடாயிற்று.

"கொஞ்ச மாசம் போவட்டும். வந்து பாக்குறோம். கூட்டணுமா, கொறைக்கணுமான்னு அப்ப பேசிக்கலாம்" என்றார் சபைத் தலைவர்.

நான் நிம்மதியாக பஸ் ஏறினேன். அவர்கள் திரும்பி வந்து பார்ப்பதற்காகச் சொல்லி அனுப்பிய நாளில்தான் சனியன் பிடித்தது. ஆள் வருகிறது என்று தெரிந்தால் போதும், அம்மாவுக்கு வீட்டில் ஒரு தூசு தும்பு கண்ணில் படக் கூடாது. கட்டிலில் இருந்தபடியே என்னை ஆட்டிவைத்தார். எதிர்வீட்டு நாற்காலிகள் வந்தன. ரப்பர் ஷீட்டும் பழந்துணிகளும் கட்டிலுக்கு அடியில் போயின. கோயில் திருவிழாவுக்கு மட்டும் கட்டுகிற புடவையை எடுக்கச் சொன்னார்.

"இன்னாத்துக்கும்மா இதெல்லாம்? நம்ம கஷ்டத்த பாக்கத்தானே வர்றாங்க" என்றேன்.

"அதுக்குன்னு வர்றவங்க முன்னாடி நாறிகினு கெடக்கணுமா? மூஞ்சிக்குக் கொஞ்சம் பவுடர் போடு."

போட்டேன். துறைமுகத்துக் கிரேனோடு கூட வாதாடலாம், அம்மாவோடு முடியாது. முதுகுக்குப் பின்னால் தலையணையை மறைத்து வைத்து, ராணி மாதிரி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வந்தவர்களுக்கு கலர் சோடா கொடுக்கச் சொன்னார். பிஸ்கட் தட்டை இடது கையால் தானே நீட்டினார்.

"எப்படிம்மா கீறீங்க?" என்றார் தலைவர்.

"எனக்கு இன்னா? மாதா புண்ணியத்துல நல்லாத்தான் கீறேன். நானே எய்ந்து நடந்துகினு கீறேன்."

"அது சும்மா சொல்லுது" என்று ஆரம்பித்தேன். அம்மா பார்த்த பார்வையில் அடுத்த சோடாவை உடைக்கப் போனேன். சபைக்காரர்கள் சந்தோஷமாக சோடாவைக் குடித்துவிட்டு, சந்தோஷமாகவே போனார்கள். அடுத்த வாரமே அந்த அக்காவை எழுந்திருக்கவே முடியாத வேறொருவர் வீட்டுக்கு மாற்றிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. கண்ணால் பார்த்ததைத்தான் நம்பினார்கள்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "இனிமே உன்ன யாரு புடிச்சிகினு போவாங்க?"

"யாரும் வாணாம். நான் பாத்துக்கறேன்."

பார்த்துக்கொள்ளத்தான் செய்தார். சாயங்காலம் நான் திரும்பும்போது படுக்கை ஈரமில்லாமல் இருக்கும். விழவும் இல்லை. ஒருவேளை நிஜமாகவே தேறிவிட்டாரோ என்று நானும் கொஞ்சம் ஏமாந்தேன். ஒரு நாள் நான் வந்து எழுப்பியதும் கண் சொருகி என் மேலேயே சாய்ந்தார். உதடு வெடித்திருந்தது. டாக்டர் கண்ணிமையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "உடம்புல தண்ணியே இல்லையேம்மா" என்றார். காலையில் நான் வைத்துவிட்டுப் போன சொம்புத் தண்ணீர் அப்படியே இருந்தது. நான் கிளம்பியதிலிருந்து வீடு திரும்பும்வரை கக்கூஸ் போகாமல் இருக்க வேண்டும் என்று, அந்தத் தகரக் கூரை வெயிலில், அம்மா ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல் கிடந்திருக்கிறார். திட்டிக்கொண்டே அழுதேன்.

மறுநாள் டீச்சரம்மாவிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் தெற்குச் சீமைக்காரர், அதிகம் பேச மாட்டார். "நான் வாரேன்னு அம்மாட்ட சொல்லாத. நீ மட்டும் லீவு போட்டு வீட்டுல இரு" என்றார்.

உச்சி வெயிலில் வந்தார். அம்மா தலைகூட வாரியிருக்கவில்லை. கூசிப்போய்விட்டார்.

"சொல்லிட்டு வரக்கூடாதா டீச்சர்? வூடு கலீஜா கீது" என்றவர், என் பக்கம் திரும்பி, "டீச்சருக்குத் தண்ணி குடு" என்றார்.

டீச்சர் டம்ளரை வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டார். "நீங்களும் குடிங்க. நீங்க குடிச்சாத்தான் நான் குடிப்பேன்."

வெயிலில் வந்தவரை வறண்ட தொண்டையோடு உட்கார வைப்பதா? அம்மா என்னைப் பார்த்தார், டம்ளரைப் பார்த்தார். நான் நீட்டிய சொம்பை வாங்கி ஒரு மடக்குக் குடித்தார். பிறகு நிறுத்த முடியவில்லை. கழுத்தில் வழிய வழியக் குடித்தார். டீச்சரும் குடித்தார். எதையும் விசாரிக்கவில்லை. பள்ளிக்கூடம், மீன் விலை என்று பேசிக்கொண்டிருந்தார். எழுந்து போகிற மாதிரியும் தெரியவில்லை.

கொஞ்ச நேரத்தில் அம்மா பதில் சொல்வதை நிறுத்திவிட்டார். இடது கை கட்டில் சட்டத்தை இறுக்கிப் பிடித்திருந்தது. நான் எழுந்து பக்கத்தில் போனேன். டீச்சர் கிளம்பும்வரை அடக்கிக்கொள்வார் என்றுதான் நினைத்தேன்.

"டீச்சர், நீங்க அந்தப் பக்கம் புடிங்க" என்றார் அம்மா.

இரண்டு பேரும் பிடித்தோம். குழாயடியில் இருந்த பெண்கள் குடத்தை வைத்துவிட்டுப் பார்த்தார்கள். அம்மா காலை இழுத்து இழுத்து முற்றத்தைக் கடந்தார். கக்கூஸ் கதவுக்கு முன்னால் நின்று, மூச்சு வாங்க, டீச்சரின் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

"இத்தப் போய் சபையில சொல்லுங்க."