வேனுக்குள் ஒரு பலகை

டீசலும் வியர்வையும் யாரோ வாந்தியெடுத்த புளிப்பும் கலந்த வாடைதான் எனக்குப் பள்ளிக்கூடத்தின் வாடை. கிள்ளானில் எங்கள் தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயத்துக்கு வந்த பள்ளி வேனில், இரண்டு இருக்கை வரிசைகளுக்கு நடுவே ஒரு மரப்பலகையைப் போட்டிருப்பார்கள். முதலில் ஏறுகிறவன் நான்தான் என்றாலும் என் இடம் அந்தப் பலகை. தோட்ட ஆபீசில் வேலை பார்த்த "கிராணி"யின் மகன் பிரகாஷ் கடைசியில் ஏறினாலும் ஜன்னலோர இருக்கை அவனுக்குக் காத்திருக்கும். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நான் இறங்கி, பலகையைத் தூக்கி வழிவிட்டு, மறுபடி போட்டு உட்கார வேண்டும். என் பெயரே "பலகை"தான்.

தொலைக்காட்சி நாடகங்களில் வரும் முரட்டு மாணவனைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது. முடியை விறைப்பாக நிறுத்திக்கொண்டு, கூட்டாளிகளோடு வழிமறித்து, ஏழைப் பையன் தலையில் தண்ணீரைக் கொட்டுவான். பின்னணியில் இடி இடிக்கும். பிரகாஷ் என்னை ஒருநாளும் அடித்ததில்லை. "பலகை, கொஞ்சம் புடிச்சிக்கடா" என்று தன் பையை என் மடியில் வைப்பான். அதைப் பார்த்து மற்றவர்களும் வைப்பார்கள். அதற்கெல்லாம் இசை கிடையாது.

அந்த வயதில் நானும் இந்தக் குப்பையை நம்பினேன். ஒரு நாடகத்தில் ஏழை மாணவன் எழுந்து நியாயம் பேச, வகுப்பே கைதட்டியது. மறுநாள் காலை ஜன்னலோரம் போய் உட்கார்ந்தேன். பிரகாஷ் வந்ததும், மனப்பாடம் செய்ததைச் சொன்னேன்: "நானும் மனுசன்தான். எந்திரிக்க மாட்டேன்."

யாரும் கைதட்டவில்லை. ஒருத்தி கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பிரகாஷ் கோபப்படக்கூட இல்லை. கதவைப் பிடித்தபடி வேன்கார அண்ணனைப் பார்த்தான்.

"எந்திரி லா தம்பி, எல்லாருக்கும் லேட்டாவுது," என்றார் அவர், சலிப்போடு.

நான் எழவில்லை. பிரகாஷ் திரும்பி வீட்டுக்குள் போய்விட்டான். அவன் அப்பா காரில் கொண்டுபோய் விட்டார். அன்று மாலையே வேன்கார அண்ணன், வேறு வேன் பார்த்துக்கொள்ளும்படி அம்மாவிடம் சொல்லிவிட்டார். லயத்துப் பக்கம் வேறு வேன் வராது.

"பலகையில உக்காந்தா கொறைஞ்சா போயிருவ?" என்றாள் அம்மா. கொஞ்ச நாள் நடந்து போனேன், மழையில் நனைந்தேன், பிறகு பள்ளியை விட்டுவிட்டு லோரியில் மூட்டை ஏற்றப் போனேன். செராஸ், அம்பாங், சுங்கை பூலோ என்று இன்றுவரை ஓரிடத்தில் தங்கியதில்லை.

போன வாரம் பிரிக்பீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடையில், சுவரில் மாட்டிய தொலைக்காட்சியில் ஒரு புது நாடகம் ஓடிக்கொண்டிருந்தது. ஏழைப் பையன் எழுந்தான், பேசினான், வகுப்பு கைதட்டியது. பரிமாறிய அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பாவம் லா. ஆனா எப்படிக் கேட்டான் பாத்தீங்களா?"

"நாளைக்கு எந்த வேன்ல வருவான்க்கா?" என்றேன்.

ரசம் வேண்டுமா என்று கேட்டார்.

இப்போது லயம் இருந்த இடத்தில் அடுக்குமாடி நிற்கிறது. நான் பார்க்கிற பள்ளி வேன்களிலும் பலகை இல்லை. நாடகத்தில் அது ஒருநாளும் இருந்ததில்லை.